தூளா, சீவலா?

வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில் கண்ணமங்கலத்தைத் தாண்டினால் சந்தவாசல். மேற்கே ஜவ்வாது மலை. அந்தப் பக்கமாகத் திரும்பினால் படவேடு, ரேணுகாம்பாள் கோயில். இந்தக் கட்டுரைக்கு ஒரு கதவு தேவைப்படுகிறது. பெயரிலேயே வாசல் இருக்கும் ஊரில் அதை மாட்டிக்கொள்வோம்.

புதுவீடு கட்டும் ஒருவர் தலைவாசலுக்குத் தேக்குக் கதவு செய்யக் கொடுக்கிறார் என்று வையுங்கள். மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கொடி, கீழே தாமரை. முன்பானால் ஆசாரி உளியும் கொட்டாப்புளியுமாக வாரக்கணக்கில் உட்கார்ந்து செதுக்க வேண்டிய வேலை. இப்போது பலகையை சி.என்.சி. ரூட்டர் மேசையில் இறுக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றிப் பொத்தானை அழுத்துகிறார்கள். பிட்டு சுழன்றுகொண்டே மரத்தில் இறங்குகிறது. பத்து நிமிஷத்தில் கருகல் வாசனை. கொடியின் வளைவுகளில் பழுப்புக் கோடு.

“அண்ணா, கருகுது. ஸ்பீடக் கொறைக்கட்டா?” என்கிறான் மெஷின் ஓட்டும் பையன்.

“கொறைடா” என்கிறார் பட்டறைக்காரர்.

பையன் பொத்தானைத் தட்டித் தட்டி ஓட்டத்தைக் குறைக்கிறான். கருகல் குறையவில்லை, கூடுகிறது. சற்று நேரத்தில் பிட்டின் முனை கறுத்துப்போய் மரத்தை வெட்ட மறுக்கிறது.

கருகினால் தணிக்க வேண்டும் என்பது அடுப்படி அறிவு. அடுப்பில் அது சரி. ரூட்டரில் பல நேரம் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கிறது: ஓட்டத்தைக் கூட்டினால் கருகல் நிற்கும். கேட்பதற்குக் கோணலாக இருக்கும் இந்த விஷயத்துக்குப் பின்னால் ஒரு பெருக்கல் கணக்கும் கொஞ்சம் இயற்பியலும் இருக்கின்றன.

இரண்டு வேகம், ஒரே பெயர்

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. பட்டறையில் ‘ஸ்பீடு’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு விஷயங்களுக்குப் புழங்குகிறது. பிட்டு தன்னைத்தானே எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறது என்பது ஒன்று, அது ஆர்.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று. சுற்றிக்கொண்டே மரத்துக்குள் எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பது மற்றொன்று. அது ஃபீடு, நிமிஷத்துக்கு எத்தனை மில்லிமீட்டர். முதலாவதைச் சுழல்வேகம் என்றும் இரண்டாவதை ஓட்டம் என்றும் பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். “ஸ்பீடைக் குறை” என்று அண்ணன் சொன்னபோது எதை என்று அவரும் சொல்லவில்லை, பையனும் கேட்கவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டும் மூன்றாவது அளவுதான் விஷயத்தின் மையம். அதைப் புரிந்துகொள்ள மெஷினை விட்டு ஆசாரியின் இழைப்புளிக்கு வருவோம்.

இழைப்புளியின் வாயிலிருந்து எவ்வளவு கனத்தில் சீவல் வருகிறது என்று ஆசாரி பார்த்துக்கொண்டே இருப்பார். சீவல் கனத்தால் உளியை ஒரு தட்டுத் தட்டி உள்ளே வாங்குவார். சீவலே வராமல் பொடி உதிர்ந்தால் உளி மழுங்கிவிட்டது, சாணை பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். ரூட்டர் பிட்டும் ஒரு இழைப்புளிதான். இரண்டு பல் உள்ள பிட்டு என்றால், ஒரு கம்பியின் இரண்டு பக்கமும் உளி கட்டிச் சுழலவிட்டது போல. ஒவ்வொரு பல்லும் சுற்றிவரும்போது மரத்தில் ஒரு கடி கடிக்கிறது. ஒரு சீவலைப் பெயர்த்து வெளியே எறிகிறது. அந்தக் கடியின் கனத்துக்குத் தொழிலில் சிப் லோடு என்று பெயர். நாம் கடி என்றே வைத்துக்கொள்வோம்.

கணக்கு எளிது. சுழல்வேகத்தைப் பல்லின் எண்ணிக்கையால் பெருக்கி, கடியால் பெருக்கினால் ஓட்டம் வரும். 18,000 ஆர்.பி.எம்., 2 பல், 0.1 மி.மீ. கடி என்றால் ஓட்டம் நிமிஷத்துக்கு 3,600 மி.மீ. திருப்பியும் போடலாம்: ஓட்டத்தை மற்ற இரண்டின் பெருக்கலால் வகுத்தால் கடி எவ்வளவு என்று தெரியும்.

0.1 மி.மீ. என்பது சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனம். 18,000 சுற்றில் இரண்டு பல் என்றால் நொடிக்கு 600 கடி. அதாவது மெஷின் ஒரு நொடியில் 600 தாள் கனச் சீவல்களைப் பெயர்த்து எறிகிறது. நம் காதில் விழும் மெஷின் இரைச்சலில் இந்த 600 அதிர்வும் ஒரு சுருதியாகக் கலந்திருக்கிறது. கைப்பழக்கம் உள்ளவர் அடுத்த அறையிலிருந்தே “பிட்டு திணறுது” என்று சொல்வது இதனால்தான்.

மெதுவாகப் போனால் என்ன ஆகும்?

இப்போது அந்தப் பையன் செய்ததைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயத்தில் ஓட்டத்தை நிமிஷத்துக்கு 600 மி.மீ. வரை இறக்கிவிட்டான் என்று வையுங்கள். சுழல்வேகம் அதே 18,000. கடி 0.1 மி.மீட்டரிலிருந்து 0.017 மி.மீட்டராக, அதாவது 17 மைக்ரானாகச் சுருங்குகிறது. தாளில் ஆறில் ஒரு பங்கு கனம்.

கடி சிறுத்தால் பல்லுக்கு வேலை மிச்சம்தானே என்று தோன்றும். இரண்டு காரணங்களால் அப்படி இல்லை.

முதல் காரணம் தூரம். 6 மி.மீ. பிட்டு மரத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு முழு அகலக் காடி வெட்டுகிறது. 3,600 ஓட்டத்தில் அந்த ஒரு மீட்டருக்குள் பிட்டு 5,000 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பல் அரைவட்டம், சுமார் 9.4 மி.மீ., மரத்துக்குள் இருக்கும். பெருக்கினால் ஒவ்வொரு பல்லும் 47 மீட்டர் மரத்தில் உரசியிருக்கும். 600 ஓட்டத்தில் அதே ஒரு மீட்டருக்கு 30,000 சுற்று. ஒவ்வொரு பல்லும் 283 மீட்டர் உரசும். வெட்டிய மரம் ஒன்றேதான். கூலி மட்டும் ஆறு மடங்கு. பல் தேய்வது நேரத்தைப் பார்த்தோ வெட்டிய மரத்தின் எடையைப் பார்த்தோ மட்டும் அல்ல. மரத்தில் உரசிய தூரத்தைப் பார்த்து.

இரண்டாவது காரணம் பல்லின் விளிம்பு. எவ்வளவு கூரான உளியையும் நுண்ணோக்கியில் பார்த்தால் விளிம்பு கோடாக இருக்காது. மிகச் சிறிய உருளையாக இருக்கும். புதுக் கார்பைடு பிட்டில் அந்த உருட்டல் சில மைக்ரான். கொஞ்சம் ஓடியபின் பத்து, இருபது மைக்ரான் என்று வளரும். கடி அதைவிடப் பல மடங்கு கனமாக இருக்கும்வரை பல் மரத்தின் அடியில் புகுந்து சீவலைத் தூக்கும். கடியும் உருட்டலும் ஒரே அளவுக்கு வந்துவிட்டால் புகுவதற்கு இடம் இல்லை. பல் மரத்தின்மேல் ஏறி, நாரை நசுக்கி, தேய்த்துக்கொண்டு போய்விடும். வெட்டும் வேலை அரைக்கும் வேலையாகிறது. சீவலுக்குப் பதில் தூள் வருகிறது.

அரைத்தால் சூடு பிறக்கும். அந்தச் சூடு எங்கே போகும்? சரியான கடியில் பெரும்பகுதிச் சூட்டைச் சீவல் தன்னோடு வாங்கிக்கொண்டு வெளியேறிவிடும். தூளுக்கு அந்தக் கொள்ளளவு இல்லை. மரமும் வாங்காது; இரும்போடு ஒப்பிட்டால் மரம் வெப்பம் கடத்துவது சில நூறு மடங்கு குறைவு. அதனால்தான் கரண்டிக்கு மரக் கைப்பிடி போடுகிறோம். போக்கிடம் இல்லாத சூடு பல்லின் விளிம்பிலேயே தங்குகிறது. சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் மரம் நிறம் மாறத் தொடங்கும். பிசின் இளகிப் பல்லில் ஒட்டிக் கறுப்பு மேலோடாகப் படியும். அந்த மேலோடு உரசலை இன்னும் கூட்டும். கருகல், மழுங்கல், மேலும் கருகல் என்று வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். அண்ணனின் பிட்டுக்கு நடந்தது இதுதான்.

மருந்து இரண்டு: ஓட்டத்தைக் கூட்டலாம் அல்லது சுழல்வேகத்தைக் குறைக்கலாம். இரண்டுமே கடியைக் கனமாக்கும். 

மிட்வேல் இரும்பும் மிச்சிகன் மரமும்

வெட்டும் வேகத்தைக் கணக்காக்கிய முதல் பெரிய முயற்சி இரும்பில் நடந்தது. அமெரிக்கப் பொறியாளர் ஃப்ரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் 1880-ல் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கிய சோதனைகள் 26 ஆண்டுகள் நீண்டன. 8 லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 360 டன் இரும்பையும் எஃகையும் சீவலாக்கிவிட்டு, 1906-ல் இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முடிவை வாசித்தார். வெட்டுவேகம் கொஞ்சம் ஏறினாலும் கருவியின் ஆயுள் பல மடங்கு சரியும் என்ற அவருடைய சூத்திரம் இன்றும் பொறியியல் வகுப்பில் நடத்தப்படுகிறது. இரும்பு வேலையில் சூடு எப்போதும் கூடவே இருக்கும்; எனவே அங்கே சுழல்வேகத்தில்தான் கண் இருக்கும்.

மரத்துக்கு அந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது. இரும்பு எந்தப் பக்கம் வெட்டினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மரம் நாராலான பொருள். வைக்கோல் கட்டு மாதிரி. நீளவாக்கில் பிளப்பது எளிது, குறுக்கே அறுப்பது கடினம். மரத்தை வெட்டும்போது பல்லின் நுனியில் என்ன நடக்கிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஃப்ரான்ஸ் ஆராய்ந்து 1958-ல் ஒரு நூல் வெளியிட்டார். நார்ப்போக்கில் வெட்டும்போது சீவல் மூன்று வகையில் பிறக்கும் என்று அவர் பிரித்தார்.

கடி கனமாகி, பல் மரத்தை நெம்பித் தூக்கும் கோணத்தில் இருந்தால், பல் வருவதற்கு முன்பே மரம் பிளந்துகொண்டு ஓடும். விறகு பிளப்பது போல. பிளவு நார் போகும் பக்கம் போகுமே தவிர நாம் வரைந்த கோட்டில் போகாது, சிம்பு பெயரும். இது முதல் வகை. கடி மிக மெல்லிதாகியோ பல் மழுங்கியோ இருந்தால் நார் நசுங்கி, மேற்பரப்பு பஞ்சு போலப் புசுபுசுவென்று நிற்கும். இது மூன்றாவது வகை. இரண்டுக்கும் நடுவே, சீவல் அறாமல் சுருண்டு வர, பின்னால் வழவழப்பான பரப்பு மிஞ்சும் நிலை இரண்டாவது வகை.

ஆசாரி ஒரு தட்டில் தேடியதும் அந்த நடு நிலையைத்தான். மெஷினுக்கு எண் கொடுப்பவர் தேடுவதும் அதையேதான். கடி கூடினால் சிம்பு, குறைந்தால் பஞ்சும் கருகலும். நடுவில் ஒரு சந்து இருக்கிறது. மரத்துக்கு மரம் அதன் அகலம் மாறும்.

எவ்வளவு கடிக்கலாம்?

தொடக்கத்துக்கு ஒரு கைக்கணக்கு: கெட்டி மரத்தில், நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாக உள்ள நடுத்தர மெஷினில், பிட்டின் விட்டத்தை 60-ஆல் வகுத்தால் வருவது கடி. 3 மி.மீ. பிட்டுக்கு 0.05, 6 மி.மீ. பிட்டுக்கு 0.1, 12 மி.மீ. பிட்டுக்கு 0.2 மி.மீ. பிட்டு செய்யும் கம்பெனிகளின் அட்டவணையில் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகப் போட்டிருப்பார்கள். அவை டன் கணக்கில் எடையுள்ள, அசையாத தொழிற்சாலை மெஷின்களை மனத்தில் வைத்து எழுதியவை. அங்கிருந்து தொடங்கினால் பிட்டு முறியலாம். இங்கிருந்து தொடங்கி மேலே ஏறுவது நல்லது.

ஏன் சின்ன பிட்டுக்குச் சின்னக் கடி? கடியின் தள்ளலில் பிட்டு வளைகிறது. ஒரு பக்கம் பிடித்த கம்பி வளையும் அளவு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகவும், வெளியே நீண்டிருக்கும் நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேராகவும் இருக்கும். எண்ணில் சொன்னால், 6 மி.மீ. பிட்டைக் கழற்றி 3 மி.மீ. போட்டால் அதே தள்ளலுக்கு 16 மடங்கு வளையும். 20 மி.மீ. வெளியே நிற்க வேண்டிய பிட்டை 40 மி.மீ. நீட்டி மாட்டினால் 8 மடங்கு வளையும். இரண்டு தவறையும் சேர்த்துச் செய்தால் 128 மடங்கு. கார்பைடு எஃகைவிட மூன்று மடங்கு விறைப்பானது. ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் குணம். வளைந்து காட்டாமலேயே பொட்டென்று போய்விடும். பிட்டு முறிந்தால் எண்ணை மாற்றும் முன், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலட்டிலிருந்து அது எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஸ்கேலை வைத்துப் பார்ப்பது முதல் வேலை.

ஒரே நடையில் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதும் இதோடு சேர்ந்தது. பிட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழம் வரை மேலே சொன்ன கடி செல்லும். விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போனால் கடியில் கால் பங்கைக் குறை, மூன்று மடங்கு போனால் பாதியைக் குறை என்பது தொழிலில் வழங்கும் விதி. ஆழத்தில் சீவல் வெளியேற வழி கிடைக்காமல் மறுபடி மறுபடி பல்லில் சிக்கி அரைபடுவதும் இதற்கு ஒரு காரணம். மெஷின் லேசாக இருந்தால் விட்டத்தில் பாதி ஆழமே போதும்.

சுழல்வேகத்துக்கு வருவோம். நம்மூர் ரூட்டர்களில் பெரும்பாலும் 24,000 வரை சுற்றும் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது? வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலை. இன்வெர்ட்டர் அதை 400 அலையாக்கித் தருகிறது. இருமுனை மோட்டார் ஓர் அலைக்கு ஒரு சுற்று என்று 400 சுற்று, நிமிஷத்துக்கு 24,000. இந்த வகை ஸ்பிண்டிலில் சுற்றைக் குறைத்தால் சக்தியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். 3 கிலோவாட் ஸ்பிண்டில் 8,000 சுற்றில் ஏறக்குறைய 1 கிலோவாட் ஸ்பிண்டில்தான். எனவே கருகலுக்கு மருந்தாகச் சுற்றைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

பெரிய பிட்டுக்கோ சுற்றைக் குறைத்தே ஆக வேண்டும். ராட்டினத்தின் ஓரத்தில் உட்கார்ந்தவன் நடுவில் இருப்பவனைவிட வேகமாகப் போகிறான் அல்லவா? 6 மி.மீ. பிட்டின் விளிம்பு 18,000 சுற்றில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறது, சைக்கிள் வேகம். பலகையைச் சமம் செய்யும் 25 மி.மீ. பிட்டை 24,000-ல் விட்டால் விளிம்பு மணிக்கு 113 கி.மீ. தொடும். கொஞ்சம் சமநிலை தப்பினாலும் மெஷினே உதறும். பெரிய பிட்டின் தண்டிலோ உறையிலோ அச்சடித்திருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டக் கூடாது.

மரத்தின் குணம்

தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ, நடுத்தரக் கெட்டி. உளிக்கு இணக்கமான மரம் என்று பெயர் வாங்கியது. ஆனால் அதற்குள் சிலிக்கா இருக்கிறது, மணலின் சரக்கு. எண்ணெய்ப் பசையும் சேர்ந்துகொள்வதால் சாதாரண எஃகு பிட்டு தேக்கில் சீக்கிரம் மழுங்கும், கார்பைடுதான் சரி.

நிலைக்கு வேம்பு போடுவது நம் வழக்கம். வேம்பில் பல நேரம் நார் பின்னிக்கொண்டிருக்கும். சில வருட வளர்ச்சியில் நார் ஒரு பக்கம் சாய்ந்து ஏறும். அடுத்த சில வருடத்தில் மறுபக்கம். எந்தத் திசையில் ஓட்டினாலும் எங்காவது எதிர்நார் வரும், சிம்பு பெயரும். இப்படிப்பட்ட மரத்தில் கடியைச் சற்றுக் குறைத்து, புதிய கூரான பிட்டைப் போட்டு, கடைசி நடைக்கு அரை மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வைத்து ஓட்டுவார்கள். கணு வந்தால் அங்கே மரமே வேறு; அடர்த்தி கூடும், நார் சுழித்துக்கொண்டு போகும். கணுவை வரைபடத்தில் விலக்கிப் பலகையை வைப்பது எந்த எண்ணையும்விடப் பெரிய உதவி.

ஒரு வட்டத்தை வெட்டிப் பார்த்தால் நாரின் விளையாட்டு கண்ணுக்குத் தெரியும். பிட்டு ஒரே திசையில்தான் சுற்றுகிறது. ஆனாலும் வட்டத்தின் நான்கு காலில் எதிரெதிரான இரண்டு வழவழப்பாக வரும். மற்ற இரண்டில் சிம்பு கிளம்பும். அந்த இரண்டில் மட்டும் பல் எதிர்நாரில் போயிருக்கிறது. எண் எல்லாம் சரியாகப் போட்டும் ஒரு பக்கம் மட்டும் பிசிறடிக்கிறதே என்று குழம்பும் பலருக்கு விடை இதில் இருக்கிறது.

பச்சை ஈரம் காயாத மரம் பஞ்சடிக்கும்; போதாததற்கு அதிலுள்ள அமிலங்கள் கார்பைடின் துகள்களைப் பிணைக்கும் கோபால்ட்டை அரிக்கும். எம்.டி.எஃப். பலகைக்கு நார்ப்போக்கு என்று ஒன்றும் கிடையாது, வெட்டுவது சுலபம். அதன் பசை மட்டும் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தின்னும். அங்கே கடியைத் தாராளமாகக் கூட்டி, உரசும் தூரத்தைக் குறைப்பதே பிட்டைக் காக்கும் வழி.

உழவுச் சாலும் தாமரை இதழும்

நேர்கோட்டுக் காடிக்கு இதுவரை சொன்ன கணக்கு போதும். கஜலட்சுமிக்குப் போதாது. உருவம் செதுக்க உருண்டை முனைப் பிட்டு போடுவார்கள். அதன் அடி நுனியில் சுற்றின் விட்டம் பூஜ்யம். எனவே வேகமும் பூஜ்யம். 18,000 சுற்று என்று திரையில் காட்டினாலும் நுனி மரத்தை வெட்டுவதில்லை, நின்ற இடத்தில் திருகுகிறது. 6 மி.மீ. உருண்டைப் பிட்டு அரை மில்லிமீட்டர் ஆழத்தில் ஓடும்போது உண்மையில் வெட்டுவது 3.3 மி.மீ. விட்டம் மட்டுமே. ஆகவே உருவ வேலைக்குச் சுற்றை உயர்த்தியே வைப்பார்கள்.

அடுத்தது சால் இடைவெளி. ஏர் ஓட்டும்போது இரண்டு சாலுக்கு நடுவே வரப்பு மாதிரி மண் நிற்பதுபோல, இரண்டு ஓட்டத்துக்கு நடுவே மெல்லிய மேடு நிற்கும். இடைவெளியின் வர்க்கத்தை உருண்டை ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால் மேட்டின் உயரம் கிடைக்கும். அரை மி.மீ. ஆரமுள்ள கூம்புப் பிட்டில் 0.2 மி.மீ. இடைவெளி விட்டால் மேடு 0.01 மி.மீ.; 0.3 விட்டால் 0.0225 மி.மீ.

நேரத்தைப் பாருங்கள். 600-க்கு 300 மி.மீ. பலகையில் 0.2 இடைவெளியில் 1,500 சால். மொத்தம் 900 மீட்டர். நிமிஷத்துக்கு 3 மீட்டர் ஓட்டத்தில் 5 மணி நேரம். 0.3 இடைவெளியில் 600 மீட்டர். 3 மணி 20 நிமிஷம். கடைசியில் எப்படியும் உப்புத்தாள் போடத்தான் போகிறோம். 220-ம் நம்பர் உப்புத்தாளின் மணலே 0.06 மி.மீ. கனம், இரண்டு மேடுகளையும்விடப் பெரியது. தேய்த்தபின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத வழவழப்புக்காக 1 மணி 40 நிமிஷம் கூடுதலாக மெஷினை ஓட்டுவது கரண்டு செலவு, பிட்டுச் செலவு, அடுத்த வேலையின் தாமதம்.

அந்த 5 மணி நேரமும் தாளில்தான். மெஷின் கார் மாதிரி. நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்கத் தூரம் வேண்டும். நொடிக்கு 200 மி.மீ. வீதம் வேகத்தை ஏற்றும் மெஷின் 3,600 ஓட்டத்தை எட்ட 9 மி.மீ. போக வேண்டும், நிறுத்த இன்னொரு 9. தாமரை இதழின் வளைவு 10 மி.மீ. என்றால் திரையில் 3,600 என்று எழுதியிருக்கும், மெஷின் ஒரு நாளும் அதைத் தொடாது. சுழல்வேகமோ குறையாது. ஓட்டம் 1,500-க்கு விழுந்தால் கடி 0.04 மி.மீட்டராகிவிடும். நேர்கோட்டில் கருகாத மரம் மூலையிலும் சுழிவிலும் மட்டும் கருகுவதன் ரகசியம் இதுதான். அந்தப் பையன் முதலில் பார்த்த பழுப்புக் கோடு கொடியின் வளைவில் இருந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அங்கே ஃபீடு எண்ணை ஏற்றுவதால் பலன் இல்லை. மெஷினால் முடியாததைக் கேட்கிறோம். சாதாரணப் பிட்டாக இருந்தால் சுற்றை 12,000-க்கு இறக்குவதே வழி, கடி 0.06-க்கு மேல் ஏறும், கருகல் அடங்கும்.

கண், காது, கை

ஆகவே செய்முறை இப்படி அமையும். கழிவுத் துண்டு ஒன்றை, அதே மரமாக, மேசையில் இறுக்குங்கள். கைக்கணக்கில் வந்த எண்ணில் ஒரு காடி ஓட்டுங்கள். பிறகு ஓட்டத்தைப் பத்துச் சதவீதம் கூட்டி அடுத்த காடி. இப்படி ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சத்தம் மாறும்: சீரான ரீங்காரத்தில் கரகரப்புக் கலக்கும், சுவரில் அலை அலையாகத் தடம் விழும், ஓரத்தில் சிம்பு கிளம்பும். அதற்கு முந்தைய எண்ணுக்கு இறங்கி, அதை மரத்தின் பெயர், பிட்டு, ஆழம் எல்லாவற்றோடும் நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு வருடத்தில் அந்த நோட்டு எந்தக் கம்பெனி அட்டவணையையும்விட மதிப்புள்ளதாகிவிடும்.

கீழே விழுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். விரலுக்குள் சீவலாகத் தட்டுப்பட்டால் நல்லது. மாவாக வழிந்தால் கடி போதவில்லை அல்லது பிட்டு மழுங்கிவிட்டது. ஸ்பிண்டில் முழுக்க நின்றபின் பிட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அது வெட்டவில்லை, தேய்த்துக்கொண்டிருந்தது.

தூளைப் பற்றி அலட்சியம் கூடாது. கருகும் பிட்டிலிருந்து ஒரு கங்கு தூள் உறிஞ்சும் குழாய்க்குள் போனால், உள்ளே பையில் மரத்தூளும் காற்றும் தயாராக இருக்கின்றன. பட்டறைத் தீ இப்படியும் பிடிக்கிறது. மெல்லிய தூள் நுரையீரலுக்கும் மூக்குக்கும் எதிரி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. சீவல் கீழே விழும். தூள் காற்றில் மிதக்கும். சரியான கடி பிட்டோடு சேர்த்து மெஷின் பக்கத்தில் நிற்பவரையும் கொஞ்சம் காக்கிறது. அதற்குமேல் முகக்கவசம் காக்க வேண்டும்.

சந்தவாசலிலிருந்து மேற்கே தெரியும் மலை சந்தனத்துக்குப் பெயர்போனது. மலைக்கு அந்தப் பக்கம் திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. சந்தனத்தைத் தரம் பிரிக்கும்போது கட்டை, வேர், சில்லு என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் அறுக்கையில் உதிர்ந்த தூளையும் ஒரு தரமாக எடைபோட்டு வைப்பார்கள். அந்தத் தூளுக்கு வாங்க ஆள் உண்டு. தேக்குக் கதவுக்குக் கீழே குவியும் மாவுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. அது பிட்டிலிருந்தும் நேரத்திலிருந்தும் பறிபோன கணக்கு. அண்ணன் அடுத்தமுறை கருகல் வாசனை வந்ததும் பொத்தானுக்கு முன்னால் தரையைப் பார்த்தால் போதும்.